ஆசாப் நடந்த வழி: கடவுளை நம்ப முடியாத நாட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அப்பா உடன்குடிப் பக்கம் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து கருப்பட்டி மண்டி நடத்திவந்தார். பதினெட்டு வருடக் கூட்டு. கணக்கு, வழக்கு, வங்கிப் புத்தகம் எல்லாம் அவர் பெயரில். அப்பா ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு தை மாதம் கூட்டு முறிந்தபோது, அப்பாவின் பங்கு என்று எழுத்தில் எதுவுமே இல்லை என்று தெரிந்தது. அதே வருடம் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம்.

அப்பாவை ஏமாற்றியவர் அந்த வருடம் மாடி வீடு கட்டினார். வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஊரையே அழைத்துச் சாப்பாடு போட்டார். கோயிலுக்கு ஜெனரேட்டர் வாங்கிக்கொடுத்தார். ஞாயிறு ஆராதனையில் பல வாரம் வேதபாடம் வாசித்ததும் அவர்தான். நாங்கள் நாலாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில் நான் ஜெபித்தேன் என்று சொல்ல மாட்டேன். குடும்ப ஜெபத்தில் உதடு அசையும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒருநாள் பொழுது போகாமல் அம்மாவின் பையிலிருந்த வேதாகமத்தைப் பிரித்தேன். 73ஆம் சங்கீதம் வந்தது. அதில் ஒருவர், நான் சொல்லக் கூசிய வார்த்தைகளையெல்லாம் கடவுளின் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கச் சகோதரர்கள் வைத்திருக்கும் வேதாகமத்தில் இது திருப்பாடல் 73. இருபத்தெட்டே வசனம். நம்பிக்கை தளர்ந்துபோன ஒருவர் மறுபடி நம்பிக்கைக்குத் திரும்பும் வழி அந்த இருபத்தெட்டு வசனத்தில் படிப்படியாக இருக்கிறது. நான் அந்தப் படிகளில் ஏறினேன், இறங்கினேன், சிலவற்றில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கீழே எழுதியிருப்பது அதிலிருந்து கற்றதுதான். போதகர் எழுதும் வியாக்கியானமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்குமுன்: ஆசாப் யார்?

இந்தச் சங்கீதத்தின் தலைப்பில் ஆசாப் பெயர் இருக்கிறது. தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது பாடவும் வெண்கலத் தாளம் போடவும் நியமித்த லேவியர்களில், அதாவது ஆலய ஊழியம் செய்யும் குலத்தாரில், ஒருவர் (1 நாளாகமம் 15, 16). இன்றைக்குச் சொல்வதானால் பாடகர் குழுத் தலைவர். சங்கீதப் புத்தகத்தில் பன்னிரண்டு பாடல்களுக்கு அவர் பெயர் உண்டு: 50ஆவதும், 73 முதல் 83 வரையும்.

நான் இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் சபைகளில் சந்தேகம் என்பது வெளியே நிற்பவர்களுக்கு வருவது என்று ஒரு எண்ணம். இங்கே சறுக்கியவர் ஆராதனையை நடத்தியவரே. ஊரார் முன்னால் நின்று கைத்தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் உள்ளுக்குள், ‘நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருந்தாலும், பாடகர் குழுவில் இருந்தாலும், போதகரின் மனைவியான ஐயரம்மாவாகவே இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்கும்தான்.

முதல் படி: உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ‘என் பாரங்களை ஆண்டவர் அறிவார்’ என்பது போன்ற பொதுவான வரி எதையும் அதில் எழுதாதீர்கள். ஆசாப் அப்படி எழுதவில்லை. யார்மேல் பொறாமை, ஏன் பொறாமை, அவர்கள் எப்படி இருக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று மூன்றாம் வசனத்திலிருந்து பன்னிரண்டாம் வசனம்வரை அடுக்குகிறார். கொழுப்பினால் அவர்கள் கண்கள் எடுப்பாயிருப்பதைக்கூட விடவில்லை. தன்னைப் பற்றிச் சொல்லும்போது, நாள்தோறும் வாதிக்கப்பட்டும் காலைதோறும் தண்டிக்கப்பட்டும் இருக்கிறேன் என்கிறார். காலைதோறும். டயாலிசிஸ் நாட்களில் விடியற்காலை நாலரை மணிக்கு எழும்பி, அம்மாவுக்கு அளந்து தண்ணீர் கொடுத்து, முதல் பஸ் பிடித்தவளுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியது: அப்பாவுக்கு வரவேண்டிய தொகை. அம்மா குடிக்கக்கூடிய தண்ணீரின் அளவு. மாடி வீட்டின் வாசலில் பதித்திருந்த கிரானைட் கல்லின் நிறம். ஜெனரேட்டரில் அவர் பெயர் எழுதியிருந்த இடம். கடைசியில் ஒரு கேள்வி: ‘ஆண்டவரே, அந்தப் பணத்தில் வந்த ஜெனரேட்டர் உமக்குப் பரவாயில்லையா?’

இது அவபக்தி என்று பயப்பட வேண்டாம். சங்கீதப் புத்தகத்தில் உள்ள நூற்றைம்பது பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. அதை யாரும் வேதாகமத்திலிருந்து எடுத்துவிடவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன, ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற வார்த்தையும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதான். வேதனையின் உச்சத்தில் அவர் வாயில் வந்தது ஒரு புலம்பல் பாட்டு.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது அழ ஆரம்பித்தால் உடனே ‘ஸ்தோத்திரம் சொல்லு, ஸ்தோத்திரம் சொல்லு’ என்போம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் ஆசாப் பதினாலு வசனம் முறையிட்டபிறகுதான் திரும்புகிறார். அந்தப் பதினாலு வசனத்தை உங்களிடமிருந்து யாரும் பறித்துக்கொள்ள விடாதீர்கள்.

இரண்டாம் படி: ‘அவர்’ என்பதை ‘நீர்’ ஆக்குங்கள்

சங்கீதத்தை ஒரு பென்சிலோடு வாசித்துப் பாருங்கள். முதல் பாதியில் கடவுளைப் பற்றிப் பேச்சு வருகிறது, கடவுளிடம் பேச்சு வரவில்லை. ‘தேவன் நல்லவர்’ என்று ஒரு சாட்சி. ‘தேவன் எப்படி அறிவார்’ என்று துன்மார்க்கரின் கேலி. பதினைந்தாம் வசனத்தில்தான் முதல்முறையாக ‘உம்முடைய பிள்ளைகள்’ என்று ஒரு சொல் எட்டிப்பார்க்கிறது. பதினெட்டிலிருந்து ‘நீர்’, ‘உமக்கு’, ‘உம்மோடு’ என்று ஒரே பேச்சாக மாறிவிடுகிறது. சூழ்நிலை எதுவும் மாறவில்லை. துன்மார்க்கர் அப்படியேதான் இருக்கிறார்கள். ஆசாப் முகம் திருப்பிய திசை மட்டும் மாறியிருக்கிறது.

இதைச் செய்வது எளிது. நோட்டில் எழுதியதை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘ஆண்டவரே’ என்று சேர்த்துச் சத்தமாக வாசியுங்கள். ‘அந்த மனுஷன் நல்லாயிருக்கான்’ என்பது புகார். ‘ஆண்டவரே, அந்த மனுஷன் நல்லாயிருக்கான், நீர் பாத்துக்கிட்டு இருக்கிறீர்’ என்பது ஜெபம். வேதாகமத் தமிழில்தான் ஜெபிக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். என் அம்மா கடைசிவரை ‘இயேசப்பா, இன்னைக்கு ஊசி குத்துறது வலிக்காம பாத்துக்கோரும்’ என்றுதான் ஜெபித்தார்.

வார்த்தை வராத நாட்களுக்கு 13ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறே வசனம். முதல் இரண்டில் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்குமுறை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடலோர ஊர்களில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பிவருவார்களா என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் வரவேயில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கரையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு ‘எதுவரைக்கும்’ என்பதைவிடப் பொருத்தமான ஜெபம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லில் ஒரு விசுவாசமும் இருக்கிறது. கேட்கிறவர் ஒருவர் உண்டு என்று நம்பாதவர், ‘எதுவரைக்கும்’ என்று யாரிடம் கேட்பார்?

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘இவ்விதமாய்ப் பேசுவேன் என்று நான் சொன்னேனானால், உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன்’ என்று பதினைந்தாம் வசனத்தில் ஆசாப் வாயை அடக்குகிறார். கடவுளிடம் அடக்கவில்லை, எல்லார் முன்னாலும் கொட்டிவிடவில்லை, அவ்வளவே. சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். ஆனால் யாரிடமும் சொல்லாமலும் இருக்காதீர்கள். ஒருவர் போதும். கேட்டதை ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் ஊருக்குச் சொல்லாத ஒருவர். எனக்கு அது என் சித்தி. ‘நீ சொல்லு, நான் பதில் எதுவும் சொல்ல மாட்டேன்’ என்றார். சொன்னபடியே இருந்தார்.

மூன்றாம் படி: கோயிலுக்குள் போங்கள்

‘நான் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்து, அவர்கள் முடிவைக் கவனித்து உணருமளவும், அது என் பார்வைக்கு விசனமாயிருந்தது.’ சங்கீதம் முழுவதும் இந்த ஒரு வசனத்தில் திரும்புகிறது. ஆசாப் யோசித்துப் பார்த்தார், புரியவில்லை. உள்ளே போனார், பார்வை மாறியது. உள்ளே அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தரிசனம் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை. நான் வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டது இதைத்தான். விளக்கம் கிடைத்தபிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருந்தால் போகவே மாட்டோம்.

எப்படிப் போவது? மனம் கல்லாக இருக்கும்போதே போங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட முடியாவிட்டால் பாடாதீர்கள், பக்கத்தில் பாடுகிறவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும். விசுவாசப் பிரமாணத்தை ‘நம்புகிறேன்’ என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் குரலில் உங்கள் மௌனத்தையும் வைத்துவிடுங்கள். கூட்டம் தாங்காது என்றால் வாரநாளில் போங்கள். பல கத்தோலிக்கக் கோயில்கள் பகலிலும் திறந்திருக்கும், நற்கருணைச் சிற்றாலயத்தில் யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். பூட்டியிருக்கும் கோயிலாக இருந்தால் சாவி வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அரைமணி நேரம் சும்மா இருக்கத்தான் என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு அந்தப் படுக்கையே ஸ்தலம். திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் பல சபைகளில் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு திருவிருந்து ஞாயிறு. பீடத்தின் கம்பிக்கு முன்னால் முழங்கால்படியிடும்போது பக்கத்தில் யாரென்று பார்க்கவில்லை. ஐயர் அப்பத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். பக்கத்தில் ஒரு கை நீண்டது. வெள்ளைச் சட்டை, கட்டை விரலில் பழைய தழும்பு. அப்பாவோடு கருப்பட்டிச் சிப்பம் தூக்கிய காலத்துத் தழும்பு. அவர்தான். எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. அவர் கையும் என் கையைப் போலவே ஒன்றின்மேல் ஒன்றாக, வெறுமையாக, நடுங்கிக்கொண்டு இருந்தது.

‘சறுக்குதலுக்குச் சற்றே தப்பிற்று’ என்று ஆசாப் இரண்டாம் வசனத்தில் தன்னைப் பற்றிச் சொல்கிறார். பதினெட்டாம் வசனத்தில், ‘சறுக்கலான இடங்களில்’ நிற்பது அவர்கள்தான் என்று கண்டுகொள்கிறார். நான் அந்த வசனத்தை அதுவரை பழிவாங்கும் ஆசையோடு வாசித்திருந்தேன். அன்றைக்கு அது எனக்குப் பயமாக மாறியது. இந்த மனுஷன் இத்தனை பேர் கண்ணீரை மாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு இந்தக் கம்பியில் முழங்கால்படியிடுகிறாரே, இவர் நிற்கிற இடம் எவ்வளவு வழுக்கல் என்று. பொறாமை அன்றே போய்விட்டது. கோபம் போக இன்னும் வெகுநாள் ஆனது, பணம் திரும்பி வரவேயில்லை. ஆனால் அவர் வீட்டு வாசல் வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்வதை நிறுத்தினேன்.

ஆவிக்குரிய பார்வை என்று பிரசங்கத்தில் கேட்கும்போது, உயரத்திலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரியும் ஒரு காட்சியை நான் கற்பனை செய்திருந்தேன். எனக்கு அது ஒரு கையைப் பக்கத்தில் பார்ப்பதாக வந்தது. உங்களுக்கு வேறு விதமாக வரும். எப்படி வந்தாலும், அது தானே வருவது. நம்மால் செய்யக்கூடியது உள்ளே போய் இருப்பது மட்டும்.

நான்காம் படி: கசப்பை ஒத்துக்கொள்ளுங்கள்

பார்வை தெளிந்தபிறகு ஆசாப் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார்: ‘நான் காரியம் அறியாத மூடனானேன், உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்.’ வரிசையைக் கவனியுங்கள். இது நான்காவதாக வருகிறது. வேதனையில் இருப்பவரிடம் முதலிலேயே ‘உன் இருதயத்தைச் சோதித்துப் பார்’ என்று சொல்வது இந்த வரிசையைத் தலைகீழாக்குவது. நோட்டின் முதல் பக்கங்களுக்குத் திரும்புங்கள். எது அநியாயத்தைப் பற்றியது, எது வெறும் பொறாமை என்று குறியுங்கள். என் பட்டியலில் அப்பாவின் தொகை அநியாயம். கிரானைட் கல் பொறாமை. இரண்டாவதற்கு மன்னிப்புக் கேட்டேன், முதலாவதற்குக் கேட்கவில்லை, இன்றும் கேட்க மாட்டேன்.

ஐந்தாம் படி: ‘ஆனாலும்’

மிருகம்போல் இருந்தேன் என்று சொன்ன அடுத்த மூச்சில்: ‘ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்.’

டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைப்பார்கள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அப்படி. அம்மாவுக்கும் இடது கைதான். இரண்டு தடிமனான ஊசிகள், அவற்றிலிருந்து இயந்திரத்துக்குப் போகும் குழாய்கள். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. வலது கை சும்மா இருக்கும். சில நாள் உள்ளே விடுவார்கள். அப்போது அம்மாவின் வலது பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன். ரத்த அழுத்தம் இறங்கும்போது அம்மாவின் விரல் தளர்ந்துவிடும். அப்போது பிடித்துக்கொண்டிருப்பது நான் மட்டும்தான்.

இந்த வசனம் எனக்குப் புரிந்தது அங்கேதான். பிடிக்கிறவர் அவர் என்கிறது சங்கீதம். என் விசுவாசத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அதுவரை அளந்து அளந்து பயந்திருந்தேன். பிடி தளர்கிற நாளிலும் அந்தக் கை விழவில்லை.

பயிற்சி இதுதான். ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் இரண்டு வசனங்களை எடுங்கள் (3:17, 18). அத்திமரம், திராட்சைச் செடி, ஒலிவமரம், வயல், ஆட்டுமந்தை, தொழுவத்து மாடு என்று ஆறு இழப்புகளை ஒவ்வொன்றாக ‘போனாலும்’, ‘போனாலும்’ என்று எண்ணுகிறார். விவசாயி ஒருவரின் வாழ்வில் அதற்குமேல் இழக்க எதுவும் மிச்சமில்லை. அதன்பிறகு, ‘நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்கிறார். உங்கள் ஆறு வரியை நீங்கள் எழுதுங்கள். அத்திமரம் வேண்டாம். பனை பாளை விடாமற்போனாலும், வட்டிக்காரர் வாசலில் நின்றாலும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் வேண்டாத சொல் வந்தாலும், பையன் போன் எடுக்காமற்போனாலும். ‘மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்ற ஏழாவது வரியை எழுத முடியாவிட்டால் காலியாக விடுங்கள். என் நோட்டில் அது ஏழு மாதம் காலியாக இருந்தது.

ஆறாம் படி: எபெனேசர் நோட்டு

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீட்டு நெற்றியிலாவது ‘எபெனேசர்’ என்று எழுதியிருக்கும். ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்’ என்று சாமுவேல் நிறுத்திய கல்லின் பெயர் அது (1 சாமுவேல் 7:12). வீடு கட்டி முடித்த சந்தோஷத்தில் வைக்கும் பெயர். ஆனால் மூன்று அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். எபெனேசர் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் போரில் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் படுதோல்வி அடைகிறார்கள். முப்பதாயிரம் காலாட்கள் விழுகிறார்கள், உடன்படிக்கைப் பெட்டியே பறிபோகிறது. அந்தத் தோல்விக்கும் சாமுவேலின் கல்லுக்கும் நடுவில் இருபது வருடத்துக்குமேல். தோற்ற இடத்தின் பெயரைத்தான் சாமுவேல் உதவியின் கல்லுக்கு வைக்கிறார்.

ஆகவே நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திருப்பி, ‘இம்மட்டும்’ என்று தலைப்பிடுங்கள். தேதியோடு, சின்னச் சின்னதாக எழுதுங்கள். பெரிய அற்புதங்களைத் தேட வேண்டாம். ‘இன்று ஊசி முதல்முறையிலேயே சரியாக விழுந்தது.’ ‘பஸ்ஸில் இடம் கிடைத்தது.’ ‘அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.’ தோற்ற நாட்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். தோல்வியை விட்டுவிட்டு வெற்றியை மட்டும் எழுதும் சாட்சி, கல் நின்ற இடத்தை மறைத்துவிட்ட சாட்சி. புதுவருட இரவு ஆராதனையில் வாங்கும், வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையையும் அந்தப் பக்கத்தில் ஒட்டலாம், தப்பில்லை. அதை வருடத்தின் ஜாதகமாக மட்டும் பார்க்காதீர்கள்.

ஏழாம் படி: ஒரு நாளுக்கு உண்டான மன்னா

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவை மறுநாளைக்கு எடுத்துவைத்தால் பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16:20). நாளைய கவலையும் அப்படித்தான் என்பதை நான் அனுபவத்தில் சொல்ல முடியும். ‘இன்னும் எத்தனை வருடம் டயாலிசிஸ்’ என்று கணக்குப் போட்ட இரவுகளில் தூங்கியதில்லை. ‘நாளைக்கு முதல் பஸ்’ என்று மட்டும் நினைத்த இரவுகளில் தூங்கினேன். காலையில் எழுந்ததும், ‘ஆண்டவரே, இன்றைக்கு உண்டானது போதும்’ என்று ஒரு வரி. மதியம் எங்கே இருந்தாலும் 73ஆம் சங்கீதத்தின் ஒரே ஒரு வசனம், மனப்பாடமாக. இரவில் ‘இம்மட்டும்’ பக்கத்தில் ஒரு வரி. மூன்றும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகாது.

இந்த இடத்தில் அழுத்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கடவுளை நம்புவது என்றால் மருந்தை நிறுத்துவது இல்லை. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, டயாலிசிஸ் எதற்கு என்று சொல்லி எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் எப்போதும்போல் பஸ் ஏறினார். அந்தக் காலைப் பயணமே அம்மாவின் விசுவாசம் என்று நான் நம்புகிறேன். அதேபோல, பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருந்தால், இந்த நோட்டோடு நிற்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416ஐக் கூப்பிடுங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்றபோது, அவருக்கு முதலில் கிடைத்தது தூக்கமும், தேவதூதன் கொடுத்த அடையும் தண்ணீரும். உபதேசம் பிறகுதான் வந்தது.

எட்டாம் படி: பதில் ‘இல்லை’ என்று வந்தால்

இதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் எந்த வழிகாட்டியையும் நான் நம்புவதில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டினார். முள் நீங்கவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:9). கெத்செமனேயில் இயேசுவே, ‘இந்தப் பாத்திரம் நீங்கும்படி’ கேட்டார். நீங்கவில்லை.

எங்கள் பக்கத்திலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அயர்லாந்தில் 1867ல் பிறந்த ஏமி கார்மைக்கேல், 1895ல் இந்தியா வந்து, டோனாவூரில் ஆதரவற்ற நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. 1931ல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். ஊழியத்தின் நடுவில் இருந்த ஒருவருக்கு ஏன் அப்படி என்று யாரும் விளக்கம் கொடுத்துவிட முடியாது. அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்கு எழுதினார், நோயாளியாகவே எழுதினார். தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்றார். பறவைகள் நீர் குடிக்கும் ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது. டோனாவூருக்குப் போனால் அங்கே கொஞ்சநேரம் நில்லுங்கள்.

அம்மா மூன்றரை வருடம் டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். குணமாக வேண்டும் என்று சபையே உபவாச ஜெபம் வைத்தது. இறந்த வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், ‘எல்லாம் ஆண்டவருடைய சித்தம்’ என்றார்கள். ஒருவர், இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு கேட்டிருக்கலாம் என்றார். யோபுவின் மூன்று சிநேகிதர்கள் ஏழுநாள் இரவும்பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான், வாய் திறந்ததும் கெடுத்துவிட்டார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த ஏழு நாளை மட்டும் கற்றுக்கொண்டால் போதும்.

அந்த நாட்களில் சங்கீதத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ‘தேவன் நல்லவராகவே இருக்கிறார்’ என்று தொடங்குகிறது. ‘எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்’ என்று முடிகிறது. நல்லவர், நலம். எபிரெயத்திலும் ஒரே சொல்தான். தொடக்கத்தில் ஆசாப்புக்கு நன்மை என்பது சுத்த இருதயம் உள்ளவர்களுக்குக் கடவுள் கொடுப்பது. அதனால்தான் கொடுக்காதபோது கால் தள்ளாடியது. முடிவில் நன்மை என்பது பக்கத்தில் இருப்பது. கேட்ட எதுவும் அந்த இருபத்தெட்டு வசனத்துக்குள் அவர் கைக்கு வரவில்லை. ‘என் மாம்சமும் என் இருதயமும் மாண்டுபோகிறது’ என்று அவரே சொல்கிறார், அடுத்து, ‘தேவன் என் பங்கு’ என்கிறார். பங்கு. அப்பாவின் பங்கு என்று எழுத்தில் எதுவும் இல்லை என்று கேட்டு வளர்ந்த எங்கள் வீட்டில், அந்தச் சொல்லை அப்பா ஒருநாள் குடும்ப ஜெபத்தில் வாசித்து, மேலே வாசிக்க முடியாமல் நிறுத்தினார். யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவரே வாசித்து முடித்தார்.

ஒன்பதாம் படி: சொல்லிவருவது

கடைசி வசனத்தின் பின்பாதி, ‘நான் உமது கிரியைகளையெல்லாம் சொல்லிவரும்படி’ என்கிறது. ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் கடந்துவந்த இடத்துக்கு இன்றைக்குப் புதிதாக வந்திருப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் போங்கள். வசனத்தோடு போக வேண்டியதில்லை, பிளாஸ்கில் சுடுதண்ணீரோடு போங்கள். அவர் கேட்டால் மட்டும் வசனம்.

அம்மா போனபிறகும் மாதம் ஒருமுறை அந்தப் பெஞ்சுக்குப் போகிறேன். போன மாதம் கல்லூரி படிக்கும் வயதில் ஒரு பையன், தன் அம்மாவை முதல்முறை கூட்டிவந்திருந்தான். எந்த வாசலில் நிற்பது, எங்கே பணம் கட்டுவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தான். கவுன்ட்டரைக் காட்டிக்கொடுத்தேன். எந்தக் கடையில் உப்பில்லாமல் இட்லி கொடுப்பார்கள் என்று சொன்னேன். உள்ளே விடுவதாக நர்ஸ் கூப்பிட்டபோது, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போடுவது என்று திரும்பி என்னைப் பார்த்தான்.

“வலது பக்கம் போடு தம்பி,” என்றேன். “அந்தக் கைதான் சும்மா இருக்கும்.”